பதவிக்காலத்தில் பாதி சிறையில்: பாகிஸ்தான் சபாநாயகருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய சர்தார் அயாஸ் சாதிக் அவர்களுக்கு,

வணக்கம். தமிழில் எழுதிய இந்த மடல் இஸ்லாமாபாத்தில் உங்கள் மேசைக்கு வந்து சேரும் என்ற நம்பிக்கையெல்லாம் எனக்கு இல்லை. ஆனாலும் சபாநாயகரால் மட்டுமே செய்ய முடிந்த காரியத்தை வேறு யாரிடம் போய்க் கேட்பது? அதனால் உங்கள் பெயருக்கே எழுதுகிறேன்.

விஷயம் அலி வஜீர் பற்றியது. 2018 முதல் 2023 வரை உங்கள் நாடாளுமன்றக் கீழவையான தேசிய சபையில், ஆப்கானிஸ்தான் எல்லையை ஒட்டிய பழங்குடிப் பகுதியான தெற்கு வஜிரிஸ்தானின் என்.ஏ.-50 தொகுதிக்கு உறுப்பினராக இருந்தவர். ஐந்து வருடப் பதவிக்காலத்தில் 2019-ல் சுமார் 4 மாதம், 2020 டிசம்பரிலிருந்து 26 மாதம் என்று ஏறத்தாழ பாதியைச் சிறையில் கழித்தார். அவரை விடுவியுங்கள், வழக்குகளைக் கைவிடுங்கள் என்று கேட்க நான் வரவில்லை. அது நீதிமன்றத்தின் வேலை, அரசின் வேலை. நான் கேட்பது உங்கள் சபையின் நடைமுறை விதிகளில் 108-வது விதியைத் திருத்த வேண்டும் என்பதை.

அந்த விதி உங்களுக்கு மனப்பாடம். இதைப் படிக்கும் தமிழ் வாசகர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். ஜாமீனில் விட முடியாத குற்றச்சாட்டில் ஓர் உறுப்பினர் காவலில் இருந்தால், அவர் வருவது அவசியம் என்று சபாநாயகர் கருதும்போது கூட்டத்துக்கு வரவழைக்கலாம். உங்கள் ஊர்ப் பத்திரிகைகளில் ‘புரொடக்‌ஷன் ஆர்டர்’ என்று அடிக்கடி அடிபடும் ஆஜர்படுத்தும் உத்தரவு இதுதான். உத்தரவு போனதும், உறுப்பினரை வைத்திருக்கும் மாகாண அரசு அவரை அழைத்து வந்து சபையின் காவல் அதிகாரியான சார்ஜன்ட்-அட்-ஆர்ம்ஸிடம் ஒப்படைக்க வேண்டும். கூட்டம் முடிந்ததும் அந்த அதிகாரி உறுப்பினரைத் திரும்பக் காவலில் ஒப்படைப்பார். அந்தச் சில மணி நேரம் மட்டும் அந்த மனிதர் கைதி என்பதைவிட உறுப்பினர் என்பது மேலே வருகிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் மொத்தமும் ஒரே ஒருவரின் கருத்தில் தொங்குகிறது.

அந்தக் கருத்து யாருக்கு எப்படி அமைந்தது என்று பார்க்கும் முன்னால், அலி வஜீர் எங்கிருந்து வந்தார் என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவர் கதையைத் தெரிந்துகொள்ளாமல் அந்தக் காலி இருக்கையின் கனம் புரியாது.

தெற்கு வஜிரிஸ்தானின் முக்கிய ஊரான வானாவில் அகமத்ஸாய் வஜீர் என்ற பஷ்தூன் குலத்துக் குடும்பம். தேரா இஸ்மாயில் கானில் உள்ள கோமல் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தவர். 2001-க்குப் பிறகு ஆப்கானிஸ்தானிலிருந்து தப்பி வந்த ஆயுதக் குழுக்கள் வஜிரிஸ்தானில் இடம் பிடித்தபோது அதை வெளிப்படையாக எதிர்த்த வீடு அது. 2003-ல் மூத்த அண்ணன் ஃபாரூக்கைக் கொன்றார்கள். 2005 ஜூலையில் ஒரே தாக்குதலில் அப்பா, இரண்டு சகோதரர்கள், ஒரு சித்தப்பா முறையானவர், இரண்டு ஒன்றுவிட்ட சகோதரர்கள் என ஆறு பேர் செத்தார்கள். அன்றைக்கு அலி வஜீர் சிறையில் இருந்தார். எந்தக் குற்றத்துக்கு என்று கேட்டால் பதில் இல்லை. எல்லைப்புறக் குற்ற ஒழுங்குமுறைச் சட்டம் என்ற 1901-ம் ஆண்டுப் பிரிட்டிஷ் சட்டப்படி, ஒரு பகுதியில் ஒருவர் செய்ததாகச் சொல்லப்படும் குற்றத்துக்கு மொத்தக் குலத்தையே பொறுப்பாக்கலாம். விசாரணையும் கிடையாது, தண்டனைத் தீர்ப்பும் கிடையாது, உள்ளே இருக்க வேண்டியதுதான். சொந்த அப்பாவின் அடக்கத்துக்கு அவரால் போக முடியவில்லை. (குற்றப் பரம்பரைச் சட்டத்தையும் கைரேகைப் பதிவையும் பாட்டன் காலத்துக் கதையாகக் கேட்டு வளர்ந்த தமிழ்நாட்டுக்காரருக்கு இந்தச் சட்டத்தின் புத்தி எங்கிருந்து வந்தது என்று விளக்கத் தேவையில்லை. வித்தியாசம் என்னவென்றால், எங்கள் ஊரில் அது 1940-களில் போனது. வஜிரிஸ்தானில் 2018 வரை இருந்தது.)

அடுத்தடுத்த ஆண்டுகளில் அந்தக் குடும்பத்தில் கொல்லப்பட்டவர்களின் எண்ணிக்கை 15-ஐத் தாண்டியது. அவர்களுடைய பெட்ரோல் பங்குகளை இடித்த ஆயுதக் குழுவினர், அந்தச் செங்கல்லை எடுத்துக் கழிப்பறை கட்டியதாக அவரே பின்னாளில் எழுதினார். பழத்தோட்டங்களில் விஷம் தெளித்தார்கள், கிணறுகளை மண் போட்டு மூடினார்கள். இதையெல்லாம் செய்தது தீவிரவாதிகள். 2016-ல் வானாவில் அவர்கள் குடும்பத்துக்குச் சொந்தமான கடைவீதியில் நடந்த வெடிப்பில் ஒரு ராணுவ அதிகாரி இறந்தபோது, அதே 1901 சட்டத்தின் பெயரால் அந்தக் கடைவீதியை வெடி வைத்துத் தகர்த்தது உங்கள் அரசு. ஒரு குடும்பத்தை இரண்டு பக்கமும் சேர்ந்து அடித்தால் அந்த வீட்டுப் பிள்ளை என்ன செய்வான்? துப்பாக்கி தூக்கியிருக்கலாம், துபாய்க்குப் போயிருக்கலாம். இவர் தேர்தலில் நின்றார். 2008-ல் தோல்வி. 2013-ல் சுமார் 300 வாக்கில் தோல்வி, அதுவும் ஆயுத மிரட்டலால் பறிக்கப்பட்ட வெற்றி என்பது அவர் தரப்பு. மூன்றாவது முறையாக 2018-ல் சுயேச்சையாக நின்று 23,000-க்கும் அதிகமான வாக்குகள் வாங்கி ஜெயித்தார்.

அந்த மூன்றாவது தேர்தலுக்கு முன் ஒன்று நடந்தது. 2018 ஜனவரியில் கராச்சியில் நகீபுல்லா மெசூத் என்ற வஜிரிஸ்தான் இளைஞரைப் போலீஸ் போலி என்கவுன்டரில் சுட்டுக் கொன்றது. அந்தக் கோபத்தில் எழுந்ததுதான் பஷ்தூன் தஹஃபுஸ் இயக்கம், அதாவது பஷ்தூன் மக்களின் பாதுகாப்பு இயக்கம். மன்சூர் பஷ்தீன், மொஹ்சின் தாவர், அலி வஜீர் ஆகியோர் அதன் முகங்கள். கண்ணிவெடிகளை அகற்றுங்கள், காணாமல் போனவர்களை நீதிமன்றத்தில் நிறுத்துங்கள், சோதனைச் சாவடிகளில் மனிதரை மனிதராக நடத்துங்கள் என்பவை கோரிக்கைகள். அவற்றை மிக உரத்த குரலில், ராணுவத்தின் பெயரைச் சொல்லியே கேட்டார்கள். அலி வஜீர் மேடையில் பேசிய எல்லாவற்றோடும் எனக்கு உடன்பாடு என்று சொல்ல மாட்டேன். வார்த்தைகளில் நெருப்பு வைப்பவர் அவர். ஆனால் அந்த நெருப்பைக் கொண்டு போய் வாக்குப்பெட்டியில் போட்டார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

உங்கள் சபைக்கும் அந்த நிலத்துக்கும் உள்ள உறவு விசித்திரமானது, ஐயா. பழங்குடிப் பகுதிகளில் சாதாரண மனிதர் வாக்களித்ததே முதன்முதலாக 1997-ல். அதுவரை குலத்தலைவர்களான மலிக்குகள் மட்டும்தான் வாக்காளர்கள். அதற்குப் பிறகும் அரசியல் சாசனத்தின் 247-வது பிரிவு காவலுக்கு நின்றது: குடியரசுத் தலைவர் சொன்னாலொழிய நாடாளுமன்றம் இயற்றும் எந்தச் சட்டமும் அந்தப் பகுதிக்குச் செல்லாது. அதாவது வஜிரிஸ்தானிலிருந்து வரும் உறுப்பினர் லாகூருக்குச் சட்டம் போடலாம், கராச்சிக்குச் சட்டம் போடலாம், தன் சொந்த ஊருக்குப் போட முடியாது. 2018 மே மாதம் 25-வது திருத்தம் இதை முடித்துவைத்து, அந்தப் பகுதிகளைக் கைபர் பக்தூன்க்வா மாகாணத்தோடு இணைத்தது. ஆகவே அதற்கு இரண்டு மாதம் கழித்து ஜெயித்த அலி வஜீர், தன் ஊருக்கும் சேர்த்துச் சட்டம் இயற்றும் உரிமையோடு வானாவிலிருந்து வந்த முதல் உறுப்பினர். அந்த முதல் ஐந்து வருடம் எப்படிப் போனது?

2019 மே 13 அன்று, பழங்குடி மாவட்டங்களுக்குச் சபையில் உள்ள இடங்களைக் குறைக்கக் கூடாது என்று வடக்கு வஜிரிஸ்தான் உறுப்பினரான மொஹ்சின் தாவர் கொண்டுவந்த அரசியல் சாசனத் திருத்த மசோதாவை தேசிய சபை ஒருமனதாக நிறைவேற்றியது. ஆளும் கட்சி, எதிர்க்கட்சி எல்லாரும் ஆதரித்தார்கள். தனிநபர் மசோதாவுக்கு, அதுவும் சாசனத் திருத்தத்துக்கு அப்படி நடப்பது அபூர்வம். சரியாக 13 நாள் கழித்து, மே 26 அன்று, வடக்கு வஜிரிஸ்தானின் கர்கமர் சோதனைச் சாவடியில் துப்பாக்கிச் சூடு. குறைந்தது 13 பேர் செத்தார்கள். சாவடியைத் தாக்கினார்கள் என்றது ராணுவம். நிராயுதபாணிகள் மீது சுட்டார்கள் என்றது இயக்கம். அலி வஜீரை அன்றே கைது செய்தார்கள், தாவர் சில நாள் கழித்துக் கைதானார். அடுத்த மாதம் பட்ஜெட் கூட்டம். இணைப்புக்குப் பிறகு பழங்குடி மாவட்டங்களுக்கு என்ன பணம், எதற்குப் பணம் என்று பேச வேண்டிய கூட்டத்தில் அந்த இரண்டு இருக்கைகளும் காலி.

அந்தச் சமயத்தில் காவலில் இருந்தவர்கள் இவர்கள் மட்டும் இல்லை. ஜூன் 10 அன்று, முன்பு குடியரசுத் தலைவராக இருந்த ஆசிஃப் அலி சர்தாரி கைதானார். அப்போதைய சபாநாயகர் அசத் கைசர் அவருக்கு உத்தரவு பிறப்பித்தார், அதே மாதம் அவர் அவைக்கு வந்தார். இன்னொரு எதிர்க்கட்சித் தலைவரான குவாஜா சாத் ரஃபீக்குக்கும் உத்தரவு கிடைத்தது. அதற்கு முந்தைய வருடம் அக்டோபர் 5 அன்று கைதான அப்போதைய எதிர்க்கட்சித் தலைவர் ஷெபாஸ் ஷெரீஃப், அந்த மாதமே காவலிலிருந்து அவைக்கு அழைத்து வரப்பட்டார். டிசம்பரில், காவலில் இருந்தபடியே பொதுக் கணக்குக் குழுவின் தலைவராகவும் ஆனார். நாட்டின் கணக்கைத் தணிக்கை செய்யும் குழுவுக்குக் கைதி ஒருவர் தலைமை தாங்கலாம். அதை நான் குறை சொல்லவில்லை. குற்றம் நிரூபணமாகாதவரை அவர் உறுப்பினர், அவ்வளவுதான். ஆனால் வஜிரிஸ்தானின் இரண்டு உறுப்பினர்களுக்கு மட்டும் அந்த உத்தரவு வரவில்லை. பாகிஸ்தான் மக்கள் கட்சித் தலைவர் பிலாவல் பூட்டோ அவையில் கேட்டும் வரவில்லை. செப்டம்பரில் நீதிமன்றம் ஜாமீன் கொடுத்த பிறகுதான் வெளியே வந்தார்கள். ஒரு கண்ணில் வெண்ணெய், மறு கண்ணில் சுண்ணாம்பு என்று எங்கள் ஊரில் சொல்வோம்.

2020 மே மாதத் தொடக்கத்தில் அலி வஜீரின் ஒன்றுவிட்ட சகோதரர் ஆரிஃப் வஜீரை வானாவில் அவர் வீட்டுக்கு வெளியே சுட்டுக் கொன்றார்கள். அந்த டிசம்பர் 6 அன்று கராச்சியில் ஒரு கூட்டத்தில் அலி வஜீர் பேசினார். 16-ம் தேதி பெஷாவரில் கைது. 2014-ல் அந்த ஊர் ராணுவப் பள்ளியில் குழந்தைகள் கொல்லப்பட்டதன் ஆறாவது நினைவு நாள் அது. அதற்காகத்தான் அவர் பெஷாவருக்கு வந்திருந்தார். அங்கிருந்து கராச்சி மத்திய சிறைக்குக் கொண்டு போனார்கள். வானாவுக்கும் கராச்சிக்கும் சாலைவழியே ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். தண்ணீர் வரவில்லை, இழப்பீடு வரவில்லை என்று மனு எழுதி வைத்திருக்கும் ஒரு வானாக்காரர் தன் தேசிய சபை உறுப்பினரைப் பார்க்க அவ்வளவு தூரம் போய், சிறை வாசலில் வரிசையில் நிற்க வேண்டும். அடுத்த மாதமே பிரதமர் இம்ரான் கான் வானாவுக்கு வந்தார். மொபைல் இணையம் தருகிறேன் என்று அறிவித்தார். நல்ல அறிவிப்பு, அந்தப் பகுதிப் பிள்ளைகள் அதற்காகத்தான் போராடிக்கொண்டிருந்தார்கள். ஊர் உறுப்பினர் மட்டும் அங்கே இல்லை.

எனக்கு இதில் ஆறவே ஆறாத விஷயம் ஒன்று உண்டு. அலி வஜீர் மீதான கராச்சி வழக்குகள் பணம் கையாடியதற்காகப் போட்டவை இல்லை. பேச்சுக்காகப் போட்டவை. உங்கள் அரசியல் சாசனத்தின் 66-வது பிரிவு என்ன சொல்கிறது? அவைக்குள் ஓர் உறுப்பினர் பேசியதற்காக எந்த நீதிமன்றத்திலும் அவர் மீது நடவடிக்கை கிடையாது. அப்படியென்றால் அந்த மனிதர் பயமில்லாமல் வாய் திறக்கக்கூடிய இடம் பாகிஸ்தானில் ஒன்றே ஒன்றுதான், அது உங்கள் சபை. வெளியே பேசினாய் என்று பிடித்தார்கள், சரி. உள்ளே வந்து பேசு என்று அழைத்திருக்க வேண்டாமா? தெருமுனைப் பேச்சு பிடிக்காதவர்கள்தான் முதலில் அவர் அவைக்கு வர வேண்டும் என்று கேட்டிருக்க வேண்டும். சபாநாயகர் மறுமொழி சொல்லலாம், அமைச்சர் மறுக்கலாம், வரம்பு மீறிய வார்த்தையைக் குறிப்பிலிருந்து நீக்கலாம். அதற்கெல்லாம் விதி இருக்கிறது.

2021 நவம்பர் 30 அன்று உச்ச நீதிமன்றம் ஜாமீன் கொடுத்தது. வேறு வழக்கு காட்டி உள்ளேயே வைத்தார்கள். இடையில் சில கூட்டங்களுக்கு வரவழைத்தார்கள், பலவற்றுக்கு இல்லை. 2022 மார்ச் வந்தது. இம்ரான் கான் மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம், ஒவ்வொரு தலையையும் எண்ணிக்கொண்டிருந்த வாரங்கள். அப்போது அலி வஜீர் கராச்சியிலிருந்து இஸ்லாமாபாத்துக்கு அழைத்து வரப்பட்டார். ஏப்ரல் 9 நள்ளிரவு நெருங்கும்போது அசத் கைசர் பதவி விலக, அந்த நாற்காலியில் உட்கார்ந்து வாக்கெடுப்பை நடத்தி முடித்தவர் நீங்கள்தான். தேவை 172, விழுந்தது 174.

அதற்குப் பிறகு என்ன ஆனது? அரசு மாறியது. 2019-ல் இவருக்காக அவையில் வாதாடிய பிலாவல் வெளியுறவு அமைச்சர் ஆனார். இவரை வைத்திருந்த சிந்து மாகாணச் சிறையோ அவருடைய கட்சி ஆட்சியின் கீழ். அலி வஜீர் திரும்பக் கராச்சிச் சிறைக்குப் போனார். அந்த அக்டோபரில், டிசம்பர் 6 பேச்சு வழக்கிலேயே நீதிமன்றம் அவரை விடுவித்தது. ஆனாலும் வெளியே வந்தது 2023 பிப்ரவரி 14 அன்றுதான். இம்ரான் ஆட்சியில் 16 மாதம், அவரை இறக்கியவர்கள் ஆட்சியில் 10 மாதம். அதனால் இதை ஒரு கட்சியின் குற்றமாக நான் எழுதவில்லை. எண்ணிக்கைக்கு வேண்டும்போது உறுப்பினர், வேண்டாதபோது கைதி என்று நடத்தியதில் எல்லாருக்கும் பங்கு இருக்கிறது.

விதியைக் கட்டாயமாக்கினால் ஊழல் வழக்கில் சிக்கிய பெரும்புள்ளிகள் எல்லாம் சிறைக்குப் பதில் அவையில் உட்கார்ந்து காலம் தள்ளுவார்கள் என்பீர்கள். 2019-ல் இம்ரான் அரசு சொன்ன வாதமும் இதுதான். அது பொய்யான பயமும் இல்லை. ஆனால் இன்றைய ஏற்பாடு அந்தப் பெரும்புள்ளிகளைத் தடுத்ததா? செல்வாக்கு உள்ளவருக்கு உத்தரவு எப்படியும் கிடைத்தது. சபாநாயகரின் விருப்பம் என்ற சல்லடையில் சிக்கியது சிறிய இயக்கத்து ஆட்கள் மட்டும்தான்.

இந்தியாவிலிருந்து எழுதுகிறவன் எங்களுக்குப் பாடம் எடுக்கிறானா என்று உங்களுக்குத் தோன்றினால் அதற்கும் பதில் சொல்கிறேன். எங்கள் சபாநாயகரிடம் இப்படி ஓர் உத்தரவுக்கான விதியே கிடையாது. 2024-ல் சிறையிலிருந்தபடியே பாரமுல்லாவில் ஜெயித்த பொறியாளர் ரஷீத், மக்களவைக் கூட்டத்துக்கு வர டெல்லி உயர் நீதிமன்றத்தின் படியேற வேண்டியிருந்தது. அந்த வகையில் உங்கள் 108-வது விதியைப் பார்த்து நாங்கள் பொறாமைப்படலாம். கையில் இருக்கும் நல்ல கருவியை அரைகுறையாக வைத்திருக்கிறீர்களே என்பதுதான் என் ஆதங்கம்.

உங்களுக்கு மனம் இல்லை என்றும் சொல்ல முடியாது. 2024 செப்டம்பரில் நாடாளுமன்ற வளாகத்துக்குள்ளேயே வந்து இம்ரான் கானின் பி.டி.ஐ. கட்சி உறுப்பினர்களைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனபோது, சார்ஜன்ட்-அட்-ஆர்ம்ஸையும் சில ஊழியர்களையும் இடைநீக்கம் செய்தீர்கள். பிடிபட்டவர்களுக்கு ஆஜர்படுத்தும் உத்தரவு போட்டீர்கள். எதிர்க்கட்சிக்காரர்கள் என்று பார்க்கவில்லை. ஆனால் அது உங்கள் குணம். நாளை அந்த நாற்காலியில் வேறொருவர் உட்காருவார், அவருடைய குணம் வேறாக இருக்கும்.

அதனால் கேட்கிறேன். தண்டனைத் தீர்ப்பு வராத எந்த உறுப்பினரும் காவலில் இருந்தால், கூட்டத்தொடர் கூடும் நாளில் அவரை ஆஜர்படுத்துவது கட்டாயம் என்று விதியைத் திருத்துங்கள். ஏதோ ஒரு காரணத்தால் மறுக்க வேண்டியிருந்தால், சபாநாயகர் அந்தக் காரணத்தை எழுத்தில் கொடுத்து அவையின் முன் வைக்கட்டும், அவை வாக்களித்து முடிவு செய்யட்டும். மாகாண அரசு உத்தரவை மதிக்காவிட்டால் என்ன தண்டனை என்பதையும் எழுதுங்கள். அது இல்லாவிட்டால் உத்தரவு வெறும் காகிதம். தொடர்ந்து 40 அமர்வு நாட்கள் அனுமதியின்றி வராத உறுப்பினரின் இடத்தைக் காலி என்று அறிவிக்க 64-வது பிரிவு அவைக்கு அதிகாரம் தருகிறது. வராதவரைக் கேள்வி கேட்கத் தெரிந்த அவைக்கு, வர விடாதவர்களையும் கேட்க வழி வேண்டும்.

அலி வஜீருக்கு இதனால் இனி பெரிய லாபம் இல்லை. 2024 தேர்தலில் அவர் தோற்றார். அந்த ஆகஸ்டில் இஸ்லாமாபாத்தில் மீண்டும் கைதானார். அக்டோபரில் அரசு அவருடைய இயக்கத்தையே தடை செய்தது. 2019-ல் ஒருமனதாக நிறைவேறிய அந்த மசோதா மேலவையான செனட்டைத் தாண்டவே இல்லை, அதனால் பழங்குடி மாவட்டங்களின் 12 இடங்கள் 6 ஆகச் சுருங்கின. தெற்கு வஜிரிஸ்தானின் இரண்டு தொகுதிகள் இப்போது ஒன்று. என்.ஏ.-50 என்ற எண்கூட வேறெங்கோ போய்விட்டது.

விதித் திருத்தத்துக்குக் குழு, அறிக்கை, விவாதம் என்று நாளாகும், தெரியும். ஆனால் ஒன்றை நாளைக் காலையே உங்கள் செயலகத்தால் செய்ய முடியும். 2018-லிருந்து 108-வது விதியின் கீழ் வந்த கோரிக்கைகள் எத்தனை, யாருக்காக, எந்தத் தேதியில், உத்தரவு போனதா இல்லையா, போனது என்றால் ஆளைக் கொண்டுவந்தார்களா என்ற பட்டியலைச் சபையின் இணையதளத்தில் போடுங்கள். வானாவுக்கு மொபைல் இணையம் தருவதாகத்தான் அறிவித்தார்களே, தங்கள் உறுப்பினரின் பெயர் அதில் எத்தனை இடத்தில் இருக்கிறது என்று அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
எல்லைக்கு இந்தப் பக்கத்திலிருந்து
உங்கள் சபை நடவடிக்கைகளைப் படித்துவரும் ஒரு தமிழன்